வருங்கால வைப்பு நிதி: போடுவதும் எடுப்பதும்



ஆறு செமஸ்டரில் நாம் எத்தனையோ கணக்குகள் போட்டு விட்டோம். பீமில் பளு எங்கே விழுந்தால் எங்கே வளையும் என்று கேட்டால் சொல்லி விடுவோம். ஆனால் முதல் மாத பே-ஸ்லிப்பில் 'பி.எப்.' என்று ஒரு வரி போட்டு ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் பிடித்திருந்தால், அது எங்கே போகிறது, யார் அதோடு சேர்த்துப் போடுகிறார்கள், எப்போது நம் கைக்கு வரும் என்று கேட்டால் நம்மில் பலர் திருதிருவென்று விழிப்போம். எந்தப் பாடப் புத்தகத்திலும் இது இல்லை. அதனால்தான் நமது ஆண்டு மலரில் இதைப் பற்றி எழுதலாம் என்று எடுத்துக் கொண்டேன்.

எங்கள் பேளுக்குறிச்சிப் பக்கம் டிப்ளமோ முடித்து ஓசூர், ஸ்ரீபெரும்புதூர், கோயமுத்தூர் என்று வேலைக்குப் போன அண்ணன்மார்களிடம் விசாரித்துப் பார்த்தேன். முதல் கம்பெனியில் இரண்டு வருடம் இருந்து விட்டு அடுத்த கம்பெனிக்கு மாறும்போது, பெரும்பாலானவர்கள் செய்தது ஒன்றுதான். "பி.எப். பணம் சும்மாதானே கிடக்குது, எடுத்துடலாம்" என்று எடுத்து விட்டார்கள். சிலருக்கு அது பைக்குக்கு முன்பணம். சிலருக்குப் புது செல்போன். அது சும்மா கிடக்கும் பணம்தானா என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

பி.எப். பிறந்த கதை

அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர்களுக்கு வெள்ளைக்காரன் காலத்திலேயே ஓய்வூதியம் இருந்தது. மில்லிலும் பாக்டரியிலும் பாடுபட்டவனுக்கு உடம்பில் தெம்பு உள்ளவரைதான் சோறு. இதை மாற்றுவதற்காக 1951 நவம்பர் 15-ல் ஓர் அவசரச் சட்டம் வந்தது. அதன் இடத்தில் 1952-ல் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் வந்தது. முதலில் சிமெண்ட், சிகரெட், இன்ஜினியரிங் பொருட்கள், இரும்பு எஃகு, காகிதம், ஜவுளி ஆகிய ஆறே தொழில்களுக்குத்தான். நம்முடைய இன்ஜினியரிங் தொழில் அந்த முதல் ஆறிலேயே இருந்தது என்பதை நாம் பெருமையாகவே சொல்லிக் கொள்ளலாம்.

பிறகு 1971-ல் குடும்ப ஓய்வூதியத் திட்டம், 1976-ல் வைப்பு நிதியோடு இணைந்த காப்பீட்டுத் திட்டம், 1995 நவம்பர் 16 முதல் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் என்று ஒன்றன் பின் ஒன்றாகச் சேர்ந்தன. ஆகவே பி.எப். என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வது உண்மையில் மூன்று பெட்டிகள்: சேமிப்பு, பென்ஷன், இன்சூரன்ஸ்.

போடும் கணக்கு

ஒரு டிப்ளமோ பையனுக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 12,000 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். அதில் 12 சதவீதம், அதாவது 1,440 ரூபாய், அவன் சம்பளத்தில் பிடிப்பார்கள். கம்பெனியும் தன் பங்குக்கு அதே 1,440 ரூபாய் போட வேண்டும். இந்த இரண்டாவது 1,440 தான் பலருக்குத் தெரிவதில்லை. கம்பெனி போடும் பணத்திலிருந்து, ஊதியத்தில் 8.33 சதவீதம், சுமார் 1,000 ரூபாய், பென்ஷன் பெட்டிக்குப் போய் விடும். மீதி 440 ரூபாய் நம் சேமிப்புப் பெட்டிக்கு வரும்.

ஆக, மாதம் 1,440 + 440 = 1,880 ரூபாய் நம் பெயரில் சேர்கிறது. இது போக 1,000 ரூபாய் பென்ஷனுக்கு. நம் கையிலிருந்து போனது 1,440. நம் பெயரில் விழுந்தது 2,880. வேறு எந்த ஏலச்சீட்டிலாவது நாம் போட்ட அன்றைக்கே இன்னொருவர் அதே அளவு சேர்த்துப் போடுகிறாரா? யோசித்துப் பாருங்கள்.

இதற்கு வட்டியும் உண்டு. 1952-53-ல் 3 சதவீதத்தில் ஆரம்பித்த வட்டி, 1990-களில் 12 சதவீதம் வரை இருந்தது. பிறகு படிப்படியாகக் குறைந்து, 2021-22-ல் 8.1 சதவீதத்துக்கு வந்து, 2023-24-லும் 2024-25-லும் 8.25 சதவீதமாக இருந்தது. வட்டியை மாதாமாதம் இருப்பைப் பார்த்துக் கணக்கிட்டு, வருடத்துக்கு ஒரு முறை வரவு வைக்கிறார்கள். ஒவ்வொரு வருடத்து வட்டியும் தனியாக அறிவிக்கப்படுவது. இவ்வளவுதான் எப்போதும் வரும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை.

யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை?

இது நமக்கு மிகவும் முக்கியம்.

20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனத்துக்குத்தான் சட்டம் கட்டாயம். அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் (1961-ம் ஆண்டுச் சட்டம்) பயிற்சிக்கு எடுத்தால், அந்தப் பயிற்சிக் காலத்துக்கு பி.எப். கிடையாது, உதவித்தொகை மட்டும்தான். 'டிரெய்னி' என்று பெயர் வைத்துக் கொண்டு மற்றவர்களைப் போல வேலை வாங்கினால் கதை வேறு. ஆகவே ஆர்டர் கையில் வாங்கும்போது நாம் அப்ரண்டிஸா, டிரெய்னியா, நிரந்தரமா என்று படித்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று: முதன்முதலில் வேலைக்குச் சேரும்போதே அடிப்படையும் பஞ்சப்படியும் 15,000 ரூபாய்க்கு மேல் இருந்தால், பி.எப்.-ல் சேர்ப்பது கட்டாயமல்ல. இந்த 15,000 உச்சவரம்பு 2014 செப்டம்பர் 1 முதல் வந்தது; அதற்கு முன் 6,500 ரூபாய்.

சில இடங்களில் மொத்தச் சம்பளம் 18,000 என்று சொல்லி விட்டு, அடிப்படையை மட்டும் 6,000 என்று காட்டி, மீதியை அந்தப் படி, இந்தப் படி என்று பிரித்துப் போடுவதும் உண்டு. அடிப்படை சிறுத்தால் பி.எப்.-உம் சிறுக்கும். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், படிகள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால், அந்த மிகுதியையும் ஊதியமாகவே கணக்கில் எடுக்க வேண்டும் என்று இருக்கிறது. பே-ஸ்லிப்பைக் கையில் வைத்துக் கொண்டு இதைச் சரிபார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

எடுக்கும் கணக்கு

போடும் வழி ஒன்றுதான். எடுக்கும் வழி பல. வீடு கட்ட, கல்யாணத்துக்கு, படிப்புக்கு, மருத்துவத்துக்கு என்று வேலையில் இருக்கும்போதே ஒரு பகுதியை எடுக்கலாம். இதற்குப் பெயர் அட்வான்ஸ். திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. வேலையை விட்டு விட்டு வேறு வேலை இல்லாமல் 2 மாதம் இருந்தால் முழுவதையும் எடுக்கலாம் என்பது நெடுங்காலமாக இருந்த விதி.

2025 அக்டோபர் 13-ல் பி.எப். அமைப்பின் மத்திய அறங்காவலர் குழு இந்த விதிகளை மாற்ற முடிவெடுத்தது. 13 வகையாக இருந்த அட்வான்ஸ்களை, அவசியத் தேவை, வீட்டுத் தேவை, சிறப்புச் சூழ்நிலை என்று மூன்றே வகையாக்கினார்கள். எல்லாவற்றுக்கும் 12 மாத சர்வீஸ் போதும். ஆனால் 25 சதவீதம் கணக்கிலேயே இருக்க வேண்டும். வேலை போனால் 75 சதவீதம் வரை உடனே எடுக்கலாம். முழுவதையும் எடுக்க 2 மாதத்துக்குப் பதில் 12 மாதம் காத்திருக்க வேண்டும். பென்ஷன் பெட்டியில் உள்ளதை எடுக்க 36 மாதம். நீங்கள் விண்ணப்பம் போடும் நாளில் எந்த விதி அமலில் உள்ளது என்பதைப் பி.எப். வலைத்தளத்தில் ஒரு முறை பார்த்துக் கொள்வது நல்லது.

இந்த 25 சதவீத விதியைச் சிலர் குறை சொல்கிறார்கள். "என் பணம், நான் எடுக்கக் கூடாதா?" என்பது நியாயமான கேள்விதான். வேலை போய், வீட்டு வாடகைக்கு வழியில்லாமல் நிற்பவனுக்குக் கணக்கில் பணம் இருந்தும் கைக்கு வரவில்லை என்றால் அந்த வலி பெரிது. ஆனால் பிரேக் இல்லாத வண்டியில் யாரும் ஏற மாட்டோம் அல்லவா? இதுவும் ஒரு பிரேக்தான். எவ்வளவு அழுத்துவது என்பதில்தான் வாதம்.

வருமான வரியையும் மறக்கக் கூடாது. மொத்த சர்வீஸ் 5 வருடம் முடியும் முன்னால் 50,000 ரூபாயோ அதற்கு மேலோ எடுத்தால், பான் எண் கொடுத்திருந்தாலும் 10 சதவீதம் பிடித்துக் கொண்டுதான் தருவார்கள். கணக்கை அடுத்த கம்பெனிக்கு மாற்றிக் கொண்டே போனால், பழைய கம்பெனி சர்வீஸும் இந்த 5 வருடக் கணக்கில் சேரும்.

பதினாறு மடங்கு

இப்போது அந்த 'சும்மா கிடக்கும்' பணத்துக்கு வருவோம். மேலே சொன்ன பையன் மாதம் 1,880 வீதம் 2 வருடம் சேர்த்தால் அசல் 45,120 ரூபாய். 8.25 சதவீத வட்டியோடு சுமார் 48,750 ரூபாய். வயது 22. எடுத்தால் பைக்குக்கு ஆகும்.

எடுக்காமல் விட்டால்? 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால், எத்தனை வருடத்தில் பணம் இரட்டிப்பாகும் என்பது ஏறக்குறையக் கிடைக்கும். கொஞ்சம் குறைத்தே 8 சதவீதம் என்று வைப்போம். 72 ÷ 8 = 9 வருடம்.

22 வயதில் 48,750
31 வயதில் 97,500
40 வயதில் 1,95,000
49 வயதில் 3,90,000
58 வயதில் 7,80,000

நான்கு முறை இரட்டித்தால் பதினாறு மடங்கு. இத்தனைக்கும் இது முதல் இரண்டு வருடப் பணம் மட்டும்தான்; அதற்குப் பிறகு போட்டது எதையும் நான் சேர்க்கவில்லை. 36 வருடத்தில் விலைவாசியும் ஏறும், அன்றைய 7,80,000-க்கு இன்றைய மதிப்பு இருக்காது என்பதும் உண்மைதான். ஆனால் இன்றைக்கு வாங்கும் பைக்குக்கு அன்றைக்கு என்ன மதிப்பு இருக்கும்?

கொல்லிமலையில் மிளகுக் கொடி நடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். சில்வர் ஓக் மரத்தில் ஏற்றி விட்டு, மூன்று நான்கு வருடம் காய்ப்பை எதிர்பார்க்காமல் காத்திருப்பார்கள். இரண்டாம் வருடம் "கொடி சும்மாதானே நிற்குது" என்று யாரும் பிடுங்குவதில்லை. 22 வயதில் போட்ட பணத்துக்குத்தான் வளர அதிக காலம் கிடைக்கிறது. 45 வயதில் அதே 48,750-ஐப் போட்டால் 58-க்குள் ஒன்றரைத் தடவைகூட இரட்டிக்காது.

பென்ஷன் பெட்டி

சேமிப்பை எடுத்தால் பணம் மட்டும்தான் போகும். பென்ஷனை எடுத்தால் சர்வீஸே போய் விடும். இதுதான் பெரிய நஷ்டம்.

பென்ஷனுக்கு மொத்தம் 10 வருட சர்வீஸ் வேண்டும். 58 வயதில் கிடைக்கும். சூத்திரம் எளிது: கடைசி 60 மாதச் சராசரி ஊதியத்தை சர்வீஸ் வருடங்களால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். ஊதியம் 15,000 வரைதான் கணக்கில் எடுப்பார்கள். 15,000 ரூபாயும் 35 வருடமும் என்றால் 7,500 ரூபாய். பெரிய தொகை அல்ல என்பதை ஒப்புக் கொள்கிறேன். குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 செப்டம்பரில் 1,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது; அதை உயர்த்தச் சொல்லி ஓய்வூதியர்கள் பல வருடமாகக் கேட்டு வருகிறார்கள்.

ஆனாலும் அது இல்லாதவரைப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் மூன்று ஸ்பின்னிங் மில்களில் 6, 4, 7 என்று மொத்தம் 17 வருடம் வேலை பார்த்தவர். ஒவ்வொரு மில்லை விடும்போதும் பி.எப்.-ஐயும் பென்ஷன் பணத்தையும் சேர்த்தே வாங்கி விட்டார். ஒரு தடவை மகள் கல்யாணம், ஒரு தடவை ஓடு மாற்றியது, ஒரு தடவை கைமாற்றுக் கடன். எதுவும் வீண் செலவு அல்ல. கடைசியாக அவர் ஊதியம் 10,500 ரூபாய். சர்வீஸைச் சேர்த்து வைத்திருந்தால் 10,500 × 17 ÷ 70 = மாதம் 2,550 ரூபாய் சாகும்வரை வந்திருக்கும்; அதன் பிறகு மனைவிக்கும் ஒரு பங்கு வரும். இப்போது சனிக்கிழமை சந்தையில் மல்லி, சீரக மூட்டை இறக்கப் போகிறார்.

நான் இந்தக் கணக்கைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "அன்னைக்கு இதையெல்லாம் ஆரு கண்ணு சொன்னாங்க? பாரத்துல கையெழுத்துப் போடுன்னாங்க, போட்டேன்" என்றார். பி.எப். சேமிப்பை மட்டும் எடுத்துக் கொண்டு, பென்ஷனுக்கு 'ஸ்கீம் சர்டிபிகேட்' வாங்கி வைத்திருந்தாலே போதும். மூன்று சர்வீஸும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். அந்த ஒரு வார்த்தை அவர் காதில் விழவில்லை.

கல்யாணம் ஆனதும் வேலையை விடும் தோழிகளுக்கும் இதைத்தான் சொல்வேன். வேலையை விட்டாலும் கணக்கு சாகாது. வட்டி நின்று விடும் என்பதும் தவறான பேச்சு. சர்வீஸைக் காப்பாற்றி வைத்தால், சில வருடம் கழித்து மீண்டும் வேலைக்குப் போகும்போது விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

மற்ற நாடுகளில்

மலேசியாவிலும் நம்மைப் போலவே 1951-ல்தான் சேமநிதி தொடங்கியது. 2024 மே முதல் அங்கே கணக்கை மூன்றாகப் பிரித்து, புதிதாக வரும் பணத்தில் 75 சதவீதத்தை ஓய்வுக்கு என்று பூட்டி வைத்து, 10 சதவீதத்தை மட்டும் எப்போது வேண்டுமானாலும் எடுக்க விட்டிருக்கிறார்கள். இலங்கையில் 1958-ம் ஆண்டுச் சட்டப்படி தொழிலாளி 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம். அமெரிக்காவில் 1974-ல் தனிநபர் ஓய்வுக் கணக்கு என்று ஒன்று வந்தது. ஐம்பத்தொன்பதரை வயதுக்கு முன்னால் எடுத்தால், சில விலக்குகள் தவிர, வரியோடு 10 சதவீதம் அபராதமும் உண்டு. எல்லா நாட்டிலும் ஒரே பிரச்சினைதான்: 22 வயதுக்காரன் கையிலிருந்து 58 வயதுக்காரனுடைய பணத்தைக் காப்பாற்றுவது எப்படி? இரண்டு பேரும் ஒரே ஆள் என்பதுதான் வேடிக்கை!

பி.எப். இல்லாத பட்டறையில் சேர்ந்தால்?

நாமக்கல் லாரி பாடி பட்டறை, ராசிபுரம் பக்கத்து சேகோ பாக்டரி, சின்ன லேத் பட்டறை என்று 20 பேருக்குக் குறைவான இடத்தில் சேரலாம். அல்லது சொந்தமாகத் தொழில் தொடங்கலாம். அப்போது நமக்கு நாமேதான் முதலாளி பங்கையும் போட வேண்டும். தபால் நிலையத்திலோ வங்கியிலோ பி.பி.எப். கணக்கு தொடங்கலாம். 1968-ல் வந்த திட்டம் இது. வருடத்துக்குக் குறைந்தது 500 ரூபாய், அதிகம் 1,50,000 ரூபாய். 15 வருடக் கணக்கு. 2020 ஏப்ரலில் வட்டி 7.1 சதவீதமாக ஆனது. மூன்றாம் வருடத்திலிருந்து கடனும், ஏழாம் வருடத்திலிருந்து ஒரு பகுதி எடுக்கவும் வழி உண்டு. 2009 மே 1 முதல் எல்லாக் குடிமக்களுக்கும் திறந்து விடப்பட்ட தேசிய ஓய்வூதியத் திட்டமும் இருக்கிறது.

வேலைக்குப் போகும் முன் மனதில் கொள்ள வேண்டியவை

1. யு.ஏ.என். என்பது 12 இலக்க எண். 2014-ல் வந்தது. ஆயுளுக்கும் ஒரே எண்தான். புதுக் கம்பெனியில் பழைய எண்ணையே கொடுங்கள். இரண்டாவது எண் வாங்காதீர்கள்.

2. நம் ஊர்ப் பெயர்களில் இனிஷியல்தான் பெரிய தொல்லை. ஆதாரில் இனிஷியல் பின்னால், பான் அட்டையில் அப்பா பெயர் முழுசாக, மார்க் ஷீட்டில் முன்னால் என்று இருந்தால் பணம் எடுக்கும் நாளில் சிக்கிக் கொள்ளும். படிக்கும்போதே மூன்றையும் ஒன்றாக்கி விடுங்கள். பிறந்த தேதியும் அப்படியே.

3. கம்பெனி பிடித்த பணத்தை அடுத்த மாதம் 15 தேதிக்குள் கட்ட வேண்டும். கட்டியிருக்கிறதா என்று பாஸ்புக்கை வலைத்தளத்திலோ உமங் செயலியிலோ பாருங்கள். பிடித்து விட்டுக் கட்டாமல் இருந்தால் முதலில் கம்பெனியில் கேளுங்கள், சரிப்படாவிட்டால் பி.எப். அலுவலகத்தில் புகார் கொடுங்கள். சேலத்திலேயே வட்டார அலுவலகம் இருக்கிறது.

4. வாரிசு நியமனம் செய்யுங்கள். வேலையில் இருக்கும்போது இறந்தால், இன்சூரன்ஸ் பெட்டியிலிருந்து அதிகபட்சம் 7 லட்சம் வரை குடும்பத்துக்குக் கிடைக்கும். கல்யாணம் ஆனதும் பழைய நியமனம் செல்லாது. புதிதாகப் போட வேண்டும்.

5. கம்பெனி மாறினால் கணக்கையும் மாற்றுங்கள். எடுக்க வேண்டிய கட்டாயம் வந்தால் தேவையான அளவு மட்டும் எடுங்கள். பென்ஷன் பெட்டியை மட்டும் தொடாதீர்கள்.

ஆஸ்பத்திரிச் செலவு வந்தால், வேலை போனால், கந்து வட்டிக்கு வாங்குவதை விடப் பி.எப்.-ல் எடுப்பதே மேல். அதற்கும்தான் அந்தப் பணம் இருக்கிறது. 'கம்பெனி மாறினேன்' என்பது மட்டும் ஒரு செலவு அல்ல நண்பர்களே. அதற்காகப் பணத்தை எடுக்க வேண்டியதில்லை.

இந்த மலரை வாங்கிப் பத்திரமாக வைக்கிறீர்களோ இல்லையோ, இந்தப் பக்கத்தை மட்டும் செல்போனில் ஒரு படம் பிடித்து வைத்துக் கொள்ளுங்கள். முதல் பே-ஸ்லிப் வரும் அன்றைக்கு எடுத்துப் பார்த்தால் போதும். அனைவருக்கும் நல்ல வேலை அமைய என் வாழ்த்துக்கள்!

– இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை, பேளுக்குறிச்சி